சிறு அச்சுத் தொழிலுக்கு ஒரு கலர் லேசர் பிரிண்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கலர் லேசர் பிரிண்டர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பார்: நிமிடத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), என்ன விலை. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வாங்கினால் அது போதும். அச்சடித்த தாளையே விற்கப் போகிறவருக்கு, அதாவது விசிட்டிங் கார்டு, அழைப்பிதழ், துண்டறிக்கை, சிறு புத்தகம், லேபிள் என்று நூறு, ஐந்நூறு பிரதிகளாகப் போட்டுத் தருகிறவருக்கு, அது போதாது. அவருடைய கேள்விகள் வேறு. ஐந்நூறாவது தாள் முதல் தாளைப் போலவே இருக்குமா? அடுத்த மாதம் அதே வேலை திரும்பி வந்தால் அதே நிறம் வருமா? முன்பக்கமும் பின்பக்கமும் சரியாகப் பொருந்துமா? உற்பத்திக்கென்று செய்த இயந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குத்தான் போகிறது. விளம்பரத் தாளில் இவற்றுக்குத் தனியாக ஒரு கட்டமே இருக்காது என்பதுதான் சிக்கல்.

ஒரே மாதிரி அச்சடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று புரிய, உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். 1938 அக்டோபர் 22-ல் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் உலர் நகலை எடுத்தார். அன்று அவர் கையாண்ட வழிதான் இன்றும் நடக்கிறது. ஒரு பரப்பில் நிலைமின்சாரத்தை ஏற்றி, ஒளி பட்ட இடத்தில் அதை இறக்கி, பொடியை ஒட்டவைத்து, அந்தப் பொடியைத் தாளுக்கு மாற்றி, சூடு காட்டி நிலைநிறுத்துவது. 1970-களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் அந்த ஒளிக்கு லேசர் கதிரைக் கொண்டுவந்தார். கலர் இயந்திரத்தில் இதே வேலை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு தடவை நடக்கிறது. பழைய மாதிரிகளில் ஒரு படத்தை அச்சடிக்க நான்கு சுற்று ஓட வேண்டும். இப்போதுள்ளவற்றில் நான்கு டிரம்கள் (மின்னேற்றம் ஏற்கும் உருளைகள்) வரிசையாக நின்று ஒரு பெல்ட்டின் மேல் அடுத்தடுத்து நிறத்தைப் போட, பெல்ட் அதை ஒரே வீச்சில் தாளுக்கு மாற்றிவிடும்.

இதில் எதுவுமே நிலையாக இருப்பதில்லை. டிரம் தேயும். பொடியின் மின்னேற்றம் காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். தொடர்ந்து ஓடினால் உள்ளே சூடு கூடும். அதனால்தான் எல்லாக் கலர் லேசர் பிரிண்டரும் அவ்வப்போது வேலையை நிறுத்தித் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. பெல்ட்டின் மேல் சின்னச் சின்ன நிறக் கட்டங்களைப் போட்டு ஒரு சென்சாரால் படித்துப் பார்க்கும். அலுவலக இயந்திரத்துக்கும் உற்பத்தி இயந்திரத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அலுவலக இயந்திரம் பெல்ட்டில் கிடக்கும் பொடியை அளக்கிறது. உங்கள் தாளில் உருகி ஒட்டிய நிறத்தை அது பார்ப்பதே இல்லை. உற்பத்தி வகைகளில் தாளிலேயே கட்டங்களை அச்சடித்து, கையில் பிடிக்கும் கருவியாலோ உள்ளேயே பொருத்திய கருவியாலோ அளந்து, அந்தத் தாளுக்கென்று தனியாகத் திருத்தம் சேமித்துவைக்க முடியும். போன மாதத்து நிறத்தை இந்த மாதமும் கொண்டுவரக் கிடைக்கும் நம்பகமான வழி அதுதான்.

தாள்தான் முதலில் முடிவு செய்யும்

எந்த இயந்திரம் என்று யோசிக்கும் முன், எந்தத் தாளில் அச்சடிக்கப் போகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ‘300 ஜிஎஸ்எம் வரை’ (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று விவரத் தாளில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது எந்த வழியாக என்று பாருங்கள். பல இயந்திரங்களில் அவ்வளவு தடித்த போர்டு பக்கவாட்டு பைபாஸ் டிரே வழியாக மட்டும்தான் போகும். அங்கே ஒரு தடவைக்குச் சில பத்துத் தாள்தான் அடுக்க முடியும். தானாகவே இருபக்கமும் அடிக்கும் வசதி அதைவிட மெல்லிய தாளோடு நின்றிருக்கும். அப்படியென்றால் 300 ஜிஎஸ்எம் கார்டின் பின்பக்கத்தை நீங்களே புரட்டிப் போட்டுத்தான் அடிக்க வேண்டும். முன்பின் பொருத்தம் அப்புறம் உங்கள் கையில்.

வேகமும் இப்படித்தான். நிமிடத்துக்கு 30 பக்கம் என்பது சாதாரண மெல்லிய ஏ4 தாளுக்குச் சொன்ன கணக்கு. தடித்த தாள் ஃபியூசரில், அதாவது பொடியைச் சூட்டால் ஒட்டவைக்கும் பகுதியில், அதிக நேரம் நின்றால்தான் டோனர் (அந்த நிறப்பொடி) பிடிக்கும். அதனால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். இன்னொரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அகலம் குறைந்த தாளையோ கவரையோ தொடர்ந்து ஓட்டினால், ஃபியூசரின் இரு ஓரங்களிலும் சூட்டை வாங்கிக்கொள்ளத் தாள் இருக்காது. ஓரங்கள் மிகையாகச் சூடாகும். இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், நடுநடுவே நின்றும் போகும். கவர் அச்சடிப்பதுதான் முக்கிய வேலை என்றால் கவரைக் கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

முன்பின் பொருத்தத்தைக் கெடுப்பதிலும் சூட்டுக்குப் பங்கு உண்டு. தாளில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். முதல் பக்கம் அடிக்கும்போது ஃபியூசர் அந்த ஈரத்தில் ஒரு பகுதியை விரட்டிவிடும், தாள் துளி சுருங்கும். அதில் இருக்கும் படமும் கூடவே சுருங்கும். சுருங்கிய தாளின் பின்பக்கத்தில் இயந்திரம் முழு அளவுப் படத்தைப் போடும். 450 மில்லிமீட்டர் நீளத் தாள் 0.2 சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் போய்விடுகிறது. ஓரத்தில் மெல்லிய பார்டர் வைத்த கார்டில் அந்த ஒரு மில்லிமீட்டர் பளிச்சென்று தெரியும். உற்பத்தி இயந்திரங்களில் இரண்டு பக்கத்துக்கும் படத்தின் அளவு, சாய்வு, இடம் எல்லாவற்றையும் தாள் வகைக்கு ஏற்பத் தனித்தனியாகத் திருத்தலாம். சாதாரண அலுவலக வகைகளில் படத்தை இப்படி அப்படி நகர்த்த முடியும், அளவை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது. இருபக்க வேலை அதிகம் உள்ளவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்.

அறையின் ஈரப்பதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் தாளும் பொடியும் சொன்னபடி கேட்கும். ஈரம் கூடினால் தாள் சுருண்டு ஜாம் ஆகும், நிறம் திட்டுத் திட்டாக விழும். குறைந்தால் நிலைமின்சாரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாகப் போகும். தாள் கட்டைப் பிரித்ததும் மீதியை உறையிலேயே மூடிவைப்பது செலவே இல்லாத பழக்கம். ஜாம் புகார்களில் கணிசமானவை அதிலேயே தீரும் என்பது என் கருத்து.

அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏ4 இயந்திரம் மலிவு, இடமும் அடைக்காது. ஆனால் ஓரம் வரை நிறம் வர வேண்டுமானால் பெரிய தாளில் அடித்து வெட்டியாக வேண்டும். லேசர் பிரிண்டர் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டரை எப்படியும் வெறுமையாக விட்டுவிடும். எஸ்ஆர்ஏ3 தாளின் அளவு 320-க்கு 450 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்ட இரண்டு ஏ4 பக்கங்கள் அதில் நிம்மதியாக உட்காரும். 90-க்கு 54 அளவுள்ள விசிட்டிங் கார்டை வெட்டு இடத்தோடு வைத்தால் எஸ்ஆர்ஏ3-ல் 21 வரும். ஏ4-ல் எட்டோ ஒன்பதோதான். கார்டு அதிகம் போடுகிறவருக்கு இந்த ஒரு கணக்கே போதும். ஏ3 என்று விற்கும் எல்லாமே எஸ்ஆர்ஏ3 அகலத்தை எடுக்காது என்பதையும் கவனியுங்கள்.

லேசருக்கு ஒத்துவராத தாள்களும் உண்டு. இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு போட்ட தாளை விடவே கூடாது, அந்தப் பூச்சு சூட்டில் இளகி ஃபியூசரில் ஒட்டிக்கொண்டால் ஃபியூசரையே மாற்ற வேண்டி வரும். லேபிளில் லேசருக்கானது என்று எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை கசியும். சொரசொரப்பான கைவினைத் தாளில் பள்ளங்களுக்குள் டோனர் இறங்காது, அடர்ந்த நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கடிதத் தலைப்புத் தாளை லேசரில் அடித்துக் கொடுத்தால், வாங்கியவர் அதைத் தன் லேசர் பிரிண்டரில் விடும்போது ஏற்கெனவே ஒட்டிய டோனர் மறுபடி இளகலாம். அப்படிப்பட்ட வேலையை ஆஃப்செட்டுக்கு அனுப்பிவிடுவதே வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் நேர்மை. மடிப்பும் அப்படித்தான். டோனர் தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே ஒரு படலமாக நிற்கிறது. தடித்த தாளை நேராக மடித்தால் மடிப்பில் நிறம் வெடித்து உதிரும். முதலில் கிரீஸ் (மடிப்புக்கான அழுத்தக் கோடு) போட்டு, தாளின் இழை ஓடும் திசையிலேயே மடிப்பு வருகிறபடி வைத்தால் பெருமளவு தப்பிக்கலாம். ஆக, பிரிண்டருக்கு ஒதுக்கும் பணத்திலேயே கிரீஸ் போடும் கருவிக்கும் நல்ல கட்டிங் இயந்திரத்துக்கும் ஒரு பங்கை எடுத்துவைத்துவிட வேண்டும்.

ஒரு தாளுக்கு உண்மையில் என்ன செலவு

டோனர் டப்பாவில் ‘5,000 பக்கம்’ என்று போட்டிருக்கும். கலர் டோனருக்கு இந்த எண்ணை ஐஎஸ்ஓ/ஐஇசி 19798 என்ற தரமுறைப்படி, அதற்கென வைத்திருக்கும் மாதிரிப் பக்கங்களை அடித்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு நிறம் பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தை மூடும் என்பதுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. அலுவலகக் கடிதத்துக்கும் வரைபடம் போட்ட அறிக்கைக்கும் அது பொருந்தும். பக்கம் நிறையப் படமும் பின்னணி நிறமும் உள்ள துண்டறிக்கையில் ஒரு நிறம் 25 சதவீதம் வரை போவது சாதாரணம். அப்படியானால் அந்த 5,000 என்பது 1,000-தான். புது இயந்திரத்தோடு வரும் டோனர் பல மாதிரிகளில் பாதிகூட நிரப்பாததாக இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க முடியாது.

டோனர் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாதவை டிரம், பெல்ட், ஃபியூசர், தாளை இழுக்கும் பிக்கப் ரோலர், கழிவு டோனர் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு, விலையும் உண்டு. விலையை ஆயுளால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கான பங்கு வந்துவிடும். ஆனால் டிரம்மின் ஆயுளை நிர்ணயிப்பது பக்க எண்ணிக்கை அல்ல, அது சுழலும் சுற்று. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் டிரம் சும்மாவே சில சுற்றுகள் ஓடும். 300 பக்கத்தை ஒரே மூச்சில் அடிக்கிறவருக்கு டிரம் நீண்ட நாள் வரும். இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று நாள் முழுக்கத் துண்டு துண்டாக அடிக்கிறவருக்குச் சொன்ன ஆயுளில் பாதியிலேயே தேய்ந்துபோகலாம். சிறு வேலைகளைச் சேர்த்துவைத்து ஒன்றாக ஓட்டுவதில் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

இதோடு வீணாகும் தாளையும் சேர்க்க வேண்டும். நிறம் சரிபார்க்க, பொருத்தம் பார்க்க, ஜாமில் என்று கழிந்த தாள்கள் எல்லாம் விற்ற தாளின் தலையில்தான் ஏறும். நூறு பிரதி வேலையில் பத்துத் தாள் வீணானால் செலவு பத்து சதவீதம் கூடிவிட்டது என்று பொருள். விலை குறைந்த இயந்திரம் மாதக் கடைசியில் விலை கூடியதாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெரிய இயந்திரங்களைப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு கொடுப்பார்கள். டோனர், உதிரி பாகம், ஆள் வருகை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். அடர்ந்த நிற வேலை அதிகம் உள்ளவர்களுக்கு இது உண்மையில் லாபம், ஏனென்றால் எவ்வளவு டோனர் போனாலும் பல ஒப்பந்தங்களில் கட்டணம் ஒன்றேதான். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஏ3 பக்கத்தை ஒன்றாக எண்ணுவார்களா, இரண்டாகவா? டோனர் பயன்பாட்டுக்கு மேல்வரம்பு உண்டா? மாதம் இத்தனை பக்கம் கட்டாயம் என்ற நிபந்தனை உண்டா? இன்னொன்று, கறுப்பு எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் அந்தக் கறுப்பு மூன்று நிறக் கலவையாக அமைந்திருந்தால் பக்கம் எண்ணும் கவுண்டர் அதைக் கலர் பக்கமாகவே எண்ணும். புத்தக வேலைகளில் இந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டு நிறையப் பணம் போகிறது.

மாதப் பக்க எண்ணிக்கையிலும் ஒரு மயக்கம் உண்டு. ‘மாத உச்ச அளவு’ என்று விவரத் தாளில் பார்ப்பது, இயந்திரம் ஒரு மாதத்தில் எட்டக்கூடிய எல்லை. ‘பரிந்துரைக்கும் அளவு’ என்று தனியாக ஒன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கோ அதற்கும் மேலோ வித்தியாசம் இருப்பது வழக்கம். திட்டமிட எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதைத்தான்.

டிபிஐயும் மென்பொருளும்

1200 டிபிஐ, 2400 டிபிஐ என்ற போட்டியை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லேசர் பிரிண்டர் இளநிறத்தைப் புள்ளிகளின் பருமனை வைத்துத்தான் காட்டுகிறது. அங்குலத்துக்கு 150 கோடு என்ற திரையை (இளநிறப் புள்ளிகள் அமையும் கட்ட வரிசையை) 600 டிபிஐயில் அமைத்தால் ஒரு கட்டத்துக்கு நான்குக்கு நான்கு, 16 புள்ளி. வெள்ளையையும் சேர்த்து 17 படிநிலைதான் கிடைக்கும். 1200 டிபிஐயில் அது 65 ஆகிறது. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் லேசரின் அளவைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த இயந்திரம் 600 டிபிஐயிலேயே அருமையான இளநிற மாற்றத்தைத் தரும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, வெளிர் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மங்கும் ஒரு பட்டையை அடித்துப் பாருங்கள். படிக்கட்டாகத் தெரிகிறதா, வழுவழுவென்று போகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். லேசருக்குப் பதில் எல்இடி வரிசை வைத்த இயந்திரங்களையும் இதே சோதனையால் எடைபோடலாம். அதன் பெயரை வைத்துக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மென்பொருள் விஷயம் இதைவிட முக்கியமானது. மலிவான சில மாதிரிகளில் பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியின் டிரைவரே செய்கிறது. வடிவமைப்பு மென்பொருளிலிருந்து வரும் பிடிஎஃப்பை அடிக்கும்போது நிழலும் ஒளிபுகும் அடுக்குகளும் எதிர்பாராத விதத்தில் மாறுவதுண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியையும் பிடிஎஃப்பையும் தானே புரிந்துகொள்ளும் இயந்திரம் வேண்டும். அதற்கு மேலே ஃபியரி போன்ற தனிக் கன்ட்ரோலர் (அச்சு வேலையையும் நிறத்தையும் கையாளும் கணினி) இருந்தால் ஒரு நிறுவனத்தின் இலச்சினை நிறத்தை எண்ணால் குறித்துச் சேமிக்கலாம், பக்கங்களைப் புத்தக வரிசைக்கு அடுக்கலாம், போன வருட வேலையை அதே அமைப்போடு திரும்ப எடுக்கலாம். சரி, தொடக்கத்திலேயே அவ்வளவு செலவு செய்ய வேண்டுமா? ஒரே வாடிக்கையாளர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார் என்றால் ஆம். வருகிற வேலையெல்லாம் ஒரு தடவை வேலை என்றால் அந்தப் பணத்தைக் கட்டிங் இயந்திரத்தில் போடலாம். பளீர் ஆரஞ்சு, அடர் ஊதா போன்ற சில நிறங்களை நான்கு நிறக் கலவை எந்தக் கன்ட்ரோலர் வைத்தாலும் முழுமையாக எட்டாது. அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மாதம் சில ஆயிரம் பக்கம், பெரும்பாலும் மெல்லிய தாள், ஒரு பக்க வேலை என்பவருக்கு நல்ல ஏ4 அலுவலக இயந்திரமே போதும். தடித்த போர்டு வேலையை அவர் வெளியே கொடுத்துவிடலாம். கார்டும் சிறு புத்தகமும்தான் பிழைப்பு என்றால் எஸ்ஆர்ஏ3 எடுக்கும் இலகு உற்பத்தி வகைக்குப் போக வேண்டும். கேனன், கோனிகா மினோல்டா, ரிக்கோ, ஜெராக்ஸ் என்று இந்த வரிசையில் எல்லோரிடமும் மாதிரிகள் உண்டு. நடுவில் இருக்கும் ஏ3 அலுவலக இயந்திரங்களை நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். தாள் பெரிதாகிறது, ஆனால் முன்பின் அளவைத் திருத்தும் வசதியும் தாளிலேயே நிறம் அளக்கும் வசதியும் பெரும்பாலும் கூடவே வருவதில்லை. அந்த விலைக்குப் பராமரித்த பழைய உற்பத்தி இயந்திரம் கிடைத்தால் யோசிக்கலாம். கவுண்டர் எண்ணிக்கையோடு, டிரம், பெல்ட், ஃபியூசர் ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்ற அறிக்கையையும் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். இந்த வகை இயந்திரங்கள் பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டும். வாசல், தரை, மின்சாரம் மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஃபியூசர் சூடேறும்போது திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும், சிறிய யுபிஎஸ் அதைத் தாங்காது.

கடையில் அவர்கள் எடுத்துக் காட்டும் மாதிரி அச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது அந்த இயந்திரத்துக்குப் பிடித்த தாளில், பிடித்த படம். உங்கள் கோப்பையும் உங்கள் தாளையும் கொண்டுபோய் இருபக்கமும் 200 தாள் ஓட்டச் சொல்லுங்கள். பக்கம் முழுக்க ஒரே வெளிர் சாம்பல் நிறம் உள்ள ஒரு பக்கம் அதில் கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் கோடும் திட்டும் முதலில் அங்கேதான் தெரியும். முதல் தாள், நூறாவது, இருநூறாவது மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முன்பின் பொருத்தத்தைப் பாருங்கள். ஒன்றை மடித்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். முடிந்தால் மறுநாள் காலை, இயந்திரம் குளிர்ந்து கிடந்த பிறகு, அதே கோப்பில் பத்துத் தாள் எடுத்து நேற்றையதோடு ஒப்பிடுங்கள். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், பழுது. எந்த இயந்திரமும் நிற்கும். நின்றால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில், ஃபியூசரும் பெல்ட்டும் அவர்களிடம் இருப்பில் இருக்குமா, இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு உதிரி பாகம் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை டோனர், நேரான தாள் பாதை என்று சிறு அச்சகங்களுக்குப் பிடித்தமான மாதிரிகளைச் செய்த ஓகி நிறுவனமே 2021-ல் அமெரிக்கச் சந்தையில் பிரிண்டர் விற்பனையை நிறுத்திக்கொண்டது. நல்ல இயந்திரமாக இருப்பது மட்டும் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்கும் ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு செட் பிக்கப் ரோலர், ஒரு கழிவு டோனர் பெட்டி, நான்கு நிறத்திலும் ஒவ்வொரு டோனர் கையிருப்பில் வைத்துக்கொண்டு, இதே தாளை ஓட்டக்கூடிய இன்னொரு அச்சகத்தோடு அவசரத்துக்கு வேலை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டையும் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.